நான் நினைப்பது தவறாக இருந்தால்?

(மாணவர்களும் பணியில் இருப்போரும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாழ்விலும் தொழிலிலும் வளர, ஆராய்ந்து சிந்திக்கும் திறனை எப்படி வளர்த்துக்கொள்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே உங்களில் பலருக்கு ஒரு குறள் நினைவுக்கு வந்திருக்கும். 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்று பள்ளியில் ஒப்பித்த குறள்தான். யார் சொன்னாலும் உண்மையைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. தெரிந்தும் ஏன் நம்மால் செய்ய முடிவதில்லை? செய்ய நினைப்பவர் எங்கே தொடங்குவது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் என்னால் இயன்ற விடையைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 2, 4, 6. இந்த மூன்று எண்களும் நான் மனத்தில் வைத்திருக்கும் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. அந்த விதியை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். வேறு எந்த மூன்று எண்களை வேண்டுமானாலும் சொல்லுங்கள். பொருந்துமா, பொருந்தாதா என்று மட்டும் சொல்வேன்.

(முன்வரிசையிலிருந்து ஒருவர்: "8, 10, 12.") பொருந்தும். ("20, 22, 24.") பொருந்தும். ("100, 102, 104.") அதுவும் பொருந்தும். இப்போது விதி என்ன? "இரண்டிரண்டாகக் கூடும் இரட்டைப்படை எண்கள்" என்கிறீர்கள். இல்லை. என் விதி அதைவிட எளியது: எண்கள் ஏறுவரிசையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1, 7, 300 என்று சொல்லியிருந்தாலும் பொருந்தும் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இந்தச் சோதனையை 1960இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் மாணவர்களிடம் செய்து பார்த்தார். அவர்களில் பெரும்பாலோர் நீங்கள் விழுந்த இடத்திலேயே விழுந்தார்கள். என்ன நடந்தது என்று கவனியுங்கள். மூன்று முறை கேட்டீர்கள். மூன்று முறையும், உங்கள் ஊகம் சரியாக இருந்தால் 'பொருந்தும்' என்று பதில் வரக்கூடிய எண்களையே கேட்டீர்கள். 'இது பொருந்தினால் என் ஊகம் தவறு' என்று சொல்லக்கூடிய எண்களை ஒருவர்கூடக் கேட்கவில்லை. 1, 2, 3 என்று கேட்டிருந்தால் ஒரே கேள்வியில் உங்கள் ஊகம் உடைந்திருக்கும். நீங்கள் கேட்காததற்குக் காரணம் அறிவுக் குறைவு அல்ல. மனித மனம் ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டால், அதற்குத் துணை சேர்க்கத்தான் ஓடும். எல்லோர் மனமும் அப்படித்தான்.

இன்றைய பேச்சின் மையச் செய்தி இதுதான். ஆராய்ந்து சிந்திப்பது என்றால் அடுத்தவர் பேச்சில் ஓட்டை கண்டுபிடிப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். அதற்குத் தனிப் பயிற்சி எதுவும் தேவையில்லை. பிடிக்காதவர் பேசினால் நம் எல்லோருக்கும் அது தானாக வந்துவிடும். கடினமான வேலை வேறு. நாம் நம்புகிற ஒன்று, நமக்குப் பிடித்த ஒன்று, நாலு பேர் அறியச் சொல்லிவிட்ட ஒன்று தவறாக இருந்தால் அது எங்கே தெரியும் என்று கேட்டு, அந்த இடத்துக்கு நாமே போய்ப் பார்ப்பதுதான் அது. நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்காதவர்கள் நாம். கால் கிலோ காய்க்குக் காட்டும் அந்த அக்கறையை, பிள்ளையின் படிப்பையும் வீட்டின் சேமிப்பையும் தீர்மானிக்கிற எண்ணங்களிடம் காட்டுகிறோமா?

இந்த வேலையை ஒருவர் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தார் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதல் பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள். இரண்டாம் பிரிவில் மருத்துவச்சிப் பயிற்சி பெறும் பெண்கள். ஒரு நாள் வருகிறவர்கள் இங்கே, மறுநாள் வருகிறவர்கள் அங்கே என்று முறை வைத்துச் சேர்த்தார்கள். 1841 முதல் 1846 வரையிலான கணக்கைப் பார்த்தால், முதல் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துத் தாய்மார்கள் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பிரசவக் காய்ச்சலால். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவு. இது ஊருக்கே தெரியும். முதல் பிரிவில் சேர்த்துவிடாதீர்கள் என்று கர்ப்பிணிகள் மண்டியிட்டுக் கெஞ்சினார்கள். வரும் வழியில் தெருவிலேயே குழந்தை பெற்றவர்கள்கூட முதல் பிரிவில் பெற்றவர்களைவிட நலமாக இருந்தார்கள்.

அந்த முதல் பிரிவுக்கு 1846இல் உதவி மருத்துவராக வந்தார் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற 28 வயது ஹங்கேரியர். அங்கே எல்லோரிடமும் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. ஊர்க் காற்றில் நச்சு கலந்திருக்கிறது என்றார்கள். ஒரே ஊர், ஒரே காற்று. அப்படியானால் இரண்டாம் பிரிவிலும் அதே அளவு சாவு இருக்க வேண்டுமே? நெரிசல் என்றார்கள். எல்லோரும் முதல் பிரிவுக்கு அஞ்சி ஓடியதால் இரண்டாம் பிரிவில்தான் நெரிசல் அதிகம். சாகக் கிடப்பவர்களுக்குச் சடங்கு செய்ய வரும் பாதிரியார் மணி ஒலிக்க முதல் பிரிவு வழியாக நடந்து போகிறார், அந்த அச்சத்தில் தாய்மார்கள் நோயுறுகிறார்கள் என்றார்கள். செம்மல்வைஸ் பாதிரியாரிடம் பேசி, மணியில்லாமல் வேறு வழியில் வரச் செய்தார். சாவு குறையவில்லை. முதல் பிரிவில் பெண்கள் மல்லாந்து படுத்துப் பிரசவிக்கிறார்கள், இரண்டாம் பிரிவில் பக்கவாட்டில் படுக்கிறார்கள் என்றார்கள். முதல் பிரிவிலும் பக்கவாட்டில் படுக்க வைத்தார். அப்போதும் குறையவில்லை.

ஒவ்வொரு விளக்கத்திடமும் அவர் கேட்டது ஒரே கேள்வி: நீ உண்மையானால் இரண்டாம் பிரிவில் என்ன நடந்திருக்க வேண்டும்? பதில் சொல்ல முடியாத விளக்கத்தை, அதைச் சொன்னவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், தள்ளி வைத்தார். அவரிடம் நுண்நோக்கிக் கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. கிருமிகளைப் பற்றிய பாஸ்டரின் ஆய்வுகள் வர இன்னும் ஆண்டுகள் இருந்தன. இரண்டு பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் கண் இருந்தது. அதைக் கொண்டே முன்னேறினார்.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர், தடயவியல் பேராசிரியர் யாக்கோப் கொலெட்ச்கா இறந்தார். பிணப் பரிசோதனையின்போது ஒரு மாணவனின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அவருடைய உடலைச் சோதித்த அறிக்கையைப் படித்த செம்மல்வைஸ் அதிர்ந்து போனார். பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடலில் கண்ட அதே அறிகுறிகள், பிள்ளை பெறாத ஓர் ஆணின் உடலில்! அப்போதுதான் இரண்டு பிரிவுகளுக்கும் இடையிலான வேறுபாடு விளங்கியது. முதல் பிரிவின் மருத்துவர்களும் மாணவர்களும் காலையில் பிணவறையில் உடல்களை அறுத்துச் சோதித்துவிட்டு, அதே கையோடு பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை.

மே மாத நடுவிலிருந்து, பிரசவ அறைக்குள் நுழையும் ஒவ்வொருவரும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவிட்டார். நம் ஊரில் பிளீச்சிங் பவுடர் என்கிறோமே, ஏறத்தாழ அதே பொருள். ஏப்ரல் மாதம் முதல் பிரிவில் 312 பிரசவங்களில் 57 தாய்மார்கள் இறந்திருந்தார்கள். ஜூன் மாதம் 268 பிரசவங்களில் இறந்தவர்கள் 6 பேர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவருடைய முதல் விளக்கமே முழுமையானதல்ல. நோய்ப்பொருள் பிணத்திலிருந்து மட்டுமே வருகிறது என்று நினைத்தார். அதே ஆண்டு அக்டோபரில், புற்றுநோயால் புண்பட்டிருந்த ஒரு பெண்ணைச் சோதித்த கைகளால் அடுத்தடுத்துச் சோதிக்கப்பட்ட தாய்மார்களுக்கும் காய்ச்சல் கண்டது. உயிருள்ள உடலிலிருந்தும் நோய் பரவும் என்று அவர் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையிலும் கை கழுவச் சொன்னார். மற்றவர்களுடைய விளக்கங்களை எந்தத் தராசில் நிறுத்தாரோ, அதே தராசில் தம் விளக்கத்தையும் நிறுத்தார்.

ஆனால் இந்தக் கதை மகிழ்ச்சியாக முடியவில்லை. 'நோயைக் கொண்டுவந்தது உங்கள் கை' என்று ஒரு மருத்துவரிடம் சொன்னால் அவர் எப்படி ஏற்பார்? பல மூத்தவர்கள் ஏற்கவில்லை. செம்மல்வைஸும் தம் கண்டுபிடிப்பை உடனே முறையாக எழுதி வெளியிடவில்லை. அவருடைய நூல் 1861இல்தான் வந்தது. எதிர்த்தவர்களைக் கொலைகாரர்கள் என்றே கடிதங்களில் சாடினார். வியன்னாவில் பதவி நீடிக்கவில்லை. 1865இல், 47 வயதில், மனநல விடுதி ஒன்றில் இறந்தார். அவர் சொன்னதை உலகம் ஏற்க இன்னும் காலம் பிடித்தது. அந்தக் காலத்தில் எத்தனை தாய்மார்கள் இறந்தார்கள் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

தொழில் வாழ்வில் இருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ளுங்கள். உண்மையைக் கண்டறிவது ஒரு வேலை. கேட்பவர் முகம் சுளிக்காமல் அதை அவருக்குப் புரியவைப்பது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யாவிட்டால் முதலாவதன் பயன் ஊரைச் சேராது. கணக்கை எழுதிக் காட்டுங்கள். ஒப்பிட்டுக் காட்டுங்கள். எதிரில் இருப்பவர் மனம் மாறுவதற்கு மானம் போகாத ஒரு வழியை விட்டு வையுங்கள்.

அடுத்து, நூற்று நாற்பது ஆண்டுகள் தாண்டி வருவோம். 1986 ஜனவரி 27, இரவு. மறுநாள் காலை அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து சேலஞ்சர் விண்வெளி ஓடம் ஏழு பேருடன் கிளம்ப வேண்டும். அவர்களில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை. அன்று இரவு கடும் குளிர். ஓடத்தின் இரு பக்கமும் உள்ள உந்து ராக்கெட்டுகளைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள் கவலைப்பட்டார்கள். ராக்கெட்டின் பகுதிகள் சேரும் மூட்டுகளில் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையங்கள் உண்டு. எரியும் சூடான வாயு கசியாமல் அடைப்பது அவற்றின் வேலை. குளிரில் ரப்பர் விறைத்துப்போனால் அடைப்பு சரியாக விழாது. முந்தைய ஆண்டு ஜூலையிலேயே ராஜர் போஷோலே என்ற பொறியாளர், இதைச் சரிசெய்யாவிட்டால் உயிரிழப்பு நேரும் என்று நிர்வாகத்துக்கு எழுதியிருந்தார்.

அன்று இரவு யூட்டா, அலபாமா, ஃபுளோரிடா ஆகிய மூன்று இடங்களையும் தொலைபேசியில் இணைத்துக் கூட்டம் நடந்தது. வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் ஏவக்கூடாது என்றார்கள் பொறியாளர்கள். சான்று கேட்டார் நாசா அதிகாரி. முந்தைய பயணங்களில் வளையம் சேதமடைந்த நிகழ்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஏழு பயணங்களில் சேதம். 12 டிகிரியில் ஏவிய பயணத்தில் சேதம் கடுமையாக இருந்தது, உண்மைதான். ஆனால் 24 டிகிரி வெயிலில் ஏவிய பயணத்திலும் சேதம் இருந்ததே? அப்படியானால் குளிருக்கும் சேதத்துக்கும் என்ன தொடர்பு? இந்தக் கேள்விக்கு அந்த இரவில் யாராலும் வலுவான பதில் சொல்ல முடியவில்லை.

பதில் அவர்களிடமே இருந்தது, நண்பர்களே. சேதம் நிகழ்ந்த பயணங்களை மட்டும் பார்த்தார்கள். சேதமே இல்லாத பயணங்களை எண்ணவில்லை. பின்னர் விசாரணை நடத்திய ரோஜர்ஸ் ஆணையம் எல்லாப் பயணங்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தது. ஏறத்தாழ 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் சேதம் கண்டவை மூன்றே. 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த பயணங்கள் நான்கு; நான்கிலும் சேதம். ஒரு தாளில் வரைந்திருந்தால் பள்ளி மாணவனுக்கும் புரிந்திருக்கும். எதுவும் நடக்காத நாள்களும் சான்றுதான். அவை கவனத்தை இழுப்பதில்லை. நாமாகத் தேடிப் போய் எண்ண வேண்டும்.

அந்த இரவில் இன்னொரு தவறும் நடந்தது. வழக்கமாக, பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் ஏவுவார்கள். அன்று அது தலைகீழானது. ஆபத்தானது என்று நிரூபியுங்கள் என்று பொறியாளர்களிடம் கேட்கப்பட்டது. நிறுவனத்தார் ஐந்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார்கள். அரை மணி நேரம் பேசினார்கள். முடிவெடுத்தவர்கள் மேலாளர்கள் நால்வர். பொறியாளர்களிடம் வாக்குக் கேட்கவில்லை. ஏவலாம் என்று பதில் போயிற்று. மறுநாள் காலை 11.38க்கு 2 டிகிரி குளிரில் சேலஞ்சர் கிளம்பியது. 73ஆம் நொடியில் சிதறியது. ஏழு பேரும் மாண்டார்கள்.

ஆணையத்தில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், பிப்ரவரி 11 அன்று நடந்த விசாரணையில், அந்த ரப்பரில் ஒரு துண்டை இடுக்கியில் நெருக்கி, மேசை மேல் இருந்த பனிக்கட்டித் தண்ணீரில் போட்டார். வெளியே எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு வரவில்லை. ஒரு குவளைத் தண்ணீரில் முடிந்த சோதனை. பின்னர் அவர் எழுதிய அறிக்கையில் இன்னொரு செய்தி உண்டு. ஓடம் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு நூற்றில் ஒன்று என்ற அளவில் பொறியாளர்கள் மதிப்பிட்டார்கள். நாசா நிர்வாகமோ லட்சத்தில் ஒன்று என்றது. ஒரே எந்திரத்தைப் பற்றி, ஒரே நிறுவனத்துக்குள், ஆயிரம் மடங்கு இடைவெளி. கீழே இருப்பவருக்குத் தெரிந்தது மேலே போய்ச் சேரவில்லை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

வியன்னாவும் ஃபுளோரிடாவும் தொலைவு என்று நினைக்க வேண்டாம். நம் தெருவுக்கே வருவோம்.

ஒவ்வொரு ஆண்டும் தேர்வு முடிவு வந்ததும் பயிற்சி மையங்களின் வாசலில் பெரிய ஃபிளெக்ஸ் பேனர்கள். அதிக மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படங்கள். முப்பது முகங்கள் சிரிக்கின்றன. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மொத்தம் எத்தனை பேர் சேர்ந்தார்கள்? முப்பது பேர் நாற்பதில் முப்பதா, நான்காயிரத்தில் முப்பதா? பேனரில் இல்லாத பிள்ளைகள்தான் அந்த மையத்தின் தரத்தைச் சொல்வார்கள். சேதமில்லாத பயணங்களை எண்ண மறந்த அதே தவறு, இங்கே வேறு உருவில் வருகிறது. படிப்பை நிறுத்திவிட்டுத் தொழில் தொடங்கிக் கோடீஸ்வரரானவரின் பேட்டியைப் பார்க்கிறோம். படிப்பை நிறுத்தித் தொழிலும் நொடித்தவரை யாரும் பேட்டி எடுப்பதில்லை.

2012இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் சரிந்ததை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு தொகையைக் கட்டினால் குஞ்சுகள் தருகிறோம், மாதாமாதம் பணமும் தருகிறோம் என்றார்கள். சேர்ந்தவர்கள் பாமரர்கள் மட்டுமல்ல, படித்தவர்களும் சேர்ந்தார்கள். அவர்கள் சொன்ன காரணம் நியாயமாகவே தோன்றும்: "பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆறு மாதமாகப் பணம் ஒழுங்காக வருகிறது." இங்கே நின்று ஒரு கேள்வி கேளுங்கள். திட்டம் நேர்மையானதாக இருந்தால் முதல் ஆறு மாதம் எப்படி இருக்கும்? பணம் வரும். திட்டம் மோசடியாக இருந்தால்? அப்போதும் பணம் வரும். வந்தால்தானே அடுத்தவர் சேர்வார்! இரண்டுக்கும் பொருந்துகிற செய்தி எதற்கும் சான்றாகாது. ஈமு கறியை யார் வாங்குகிறார்கள், எந்தச் சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டிருந்தால், நேர்மையான திட்டமும் மோசடியும் வேறு வேறு பதில் சொல்லியிருக்கும். பதில் வேறுபடுகிற இடத்தில்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இதை மறந்தால் பணம் மட்டும் போவதில்லை. 2018 மே மாதம். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகள் பரவிக்கொண்டிருந்த நேரம். திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலைத் தேடி ஒரு குடும்பம் வந்தது. வழியில் கண்ட குழந்தைகளுக்கு அந்தக் குடும்பத்தின் மூத்த பெண்மணி சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடி அடித்தது. 65 வயதான அந்தப் பெண்மணி இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் குழந்தைக்கு இனிப்புக் கொடுக்கிறார் என்றால், பிள்ளை பிடிப்பவராக இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பேரப்பிள்ளைகளைப் போல நினைத்துக் கொடுக்கும் பாட்டி என்பது இன்னொரு விளக்கம். 'இது வேறு என்னவாக இருக்கக்கூடும்?' என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் உரக்கக் கேட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். ஆராய்ந்து சிந்திப்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால், போளூரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இதைப் பழக்கமாக்குவது எப்படி? நான்கு பயிற்சிகளைச் சொல்கிறேன்.

முதலாவது, எழுதுவது. முக்கியமான முடிவு எடுக்கும்போது ஒரு நோட்டில் தேதி போட்டு நான்கு வரி எழுதுங்கள்: என்ன முடிவு, ஏன், நூற்றுக்கு எத்தனை நம்பிக்கை, எது நடந்தால் இது தவறு என்று ஒப்புக்கொள்வேன். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் பாருங்கள். எழுதாவிட்டால், 'அப்போதே எனக்குத் தெரியும்' என்று மனம் பழைய கதையை மாற்றிச் சொல்லும். சார்லஸ் டார்வின் தம் தன்வரலாற்றில் ஒரு பழக்கத்தைக் குறிப்பிடுகிறார். தம் கொள்கைக்கு மாறான செய்தி கண்ணில் பட்டால் உடனே, தவறாமல் குறித்துக்கொள்வாராம். சாதகமான செய்தியைவிட அதுதான் சீக்கிரம் மறந்துபோகிறது என்பது அவர் அனுபவம். டார்வினுக்கே குறிப்பேடு தேவைப்பட்டது என்றால் நமக்கும் தேவைதான்.

இரண்டாவது, தோல்வியை முன்கூட்டியே நடத்திப் பார்ப்பது. கேரி கிளைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 2007இல் விளக்கி எழுதிய முறை இது. ஒரு திட்டத்தைத் தொடங்குமுன் குழுவை உட்கார வைத்து, "ஓர் ஆண்டு கடந்துவிட்டது, திட்டம் படுதோல்வி. ஏன் தோற்றது என்று ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும். 'இதில் ஏதாவது குறை இருக்கிறதா?' என்று மேலதிகாரி கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். தோற்றுவிட்டது என்றே வைத்துக்கொண்டு காரணம் கேட்டால், அடக்கி வைத்திருந்ததெல்லாம் தாளில் வந்து விழும். கல்யாணச் செலவு, வீட்டுக் கடன், புதுக் கடை என்று குடும்ப முடிவுகளுக்கும் இது பொருந்தும். மாமியாரும் மருமகளும் பகை இல்லாமல் உண்மையைப் பேச இது நல்ல வழி.

மூன்றாவது, எதிர்த் தரப்பை அவரே மெச்சும்படி எடுத்துச் சொல்வது. உங்களோடு முரண்படுகிறவரின் கருத்தை உங்கள் வாயால் சொல்லுங்கள். 'ஆமாம், நான் சொல்ல வந்தது இதுதான்' என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுத்துப் பேசுங்கள். பாதிச் சண்டைகள் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிச் சண்டைகளில் உங்களுக்குப் புதிதாக ஒன்று கிடைக்கும்.

நான்காவது, தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு. கூட்டத்தில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். முதலில் இருப்பதிலேயே இளையவர் பேசட்டும். பெரியவர் வாய் திறந்துவிட்டால் சிறியவர் தலையாட்டுவது நம் வளர்ப்பு. அந்த மரியாதை வீட்டுக்கு அழகு. எந்திரம் ஓடும் இடத்திலும் அறுவை நடக்கும் இடத்திலும் அது ஆபத்து.

இளைஞர்கள் கேட்பீர்கள்: மேலே இருப்பவரிடம் எப்படி ஐயா கேள்வி கேட்பது? மறுப்பாகச் சொல்லாமல் கேள்வியாகச் சொல்லுங்கள். "சார், இது சரிவராமல் போனால் முதலில் எங்கே தெரியும்? அங்கே ஒரு கண் வைத்துக்கொள்ளலாமா?" இதில் யாருடைய மதிப்பும் குறைவதில்லை. வேலை காப்பாற்றப்படுகிறது.

எல்லாவற்றையும் சந்தேகித்துக்கொண்டிருந்தால் எப்படி வாழ்வது என்றும் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் சோதிக்க யாருக்கும் நேரமில்லை, தேவையும் இல்லை. இரண்டு அளவுகோல்கள் போதும். தவறாகிப்போனால் இழப்பு எவ்வளவு? போனதைத் திரும்பப் பெற முடியுமா? எந்தக் கடையில் டீ குடிப்பது என்பதற்கு ஆராய்ச்சி வேண்டாம். நிலம் வாங்குவது, ஜாமீன் கையெழுத்துப் போடுவது, அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வது, வேலையை விடுவது, ஒருவரைக் குற்றவாளி என்று ஊரறியச் சொல்வது, இவற்றுக்கு வேண்டும். நிபுணர்களை நம்புங்கள். நம்பத்தக்க நிபுணர், தம் கருத்து எங்கே தவறக்கூடும் என்று கேட்டால் கோபிக்க மாட்டார், விளக்குவார்.

இதெல்லாம் மேற்கிலிருந்து வந்த புதுப் பாடம் என்று எண்ண வேண்டாம். சாத்தனாரின் மணிமேகலையைப் பாருங்கள். வஞ்சி நகரில் அந்த இளம்பெண் பல சமயத்தாரிடமும் போய், அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கிறாள். பிறகு காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அறத்தை விளக்குமுன், இருபத்தொன்பதாம் காதையில், சரியான வாதத்தின் உறுப்புகள் எவை, வாதம் போலத் தோன்றும் போலிகள் எவை என்று வகைவகையாகச் சொல்லித்தருகிறார். அறம் கேட்பதற்கு முன்னால் அளவை என்னும் தருக்கம் கற்க வேண்டும் என்று வைத்த மொழி நம் மொழி. அந்த மொழியைப் பேசுகிற நாம், ஃபார்வர்டு வந்த மறுநொடியே அதைப் பத்துக் குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறவர்களாக இருப்பது தகுமா?

நிறைவாக ஒன்று சொல்கிறேன். வளர்ச்சி என்றதும் பதவியையும் சம்பளத்தையும் நினைக்கிறோம். அவை வரட்டும், வர வேண்டியவைதான். வளர்ச்சியை அளக்க நான் இன்னொரு அளவையும் வைப்பேன். உங்கள் மகளோ, உங்களிடம் வேலைக்குச் சேர்ந்த புதிய பையனோ உங்கள் முகத்துக்கு நேரே வந்து, "நீங்கள் சொல்வது சரியா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று அச்சமில்லாமல் சொல்ல முடிகிறதா? சொன்னால், "எதை வைத்துச் சொல்கிறாய், உட்கார்ந்து பேசுவோம்" என்று உங்களால் கேட்க முடிகிறதா? முடியும் என்றால் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள். உங்களைச் சுற்றி இருப்பவர்களும் வளர்வார்கள். அப்படிப்பட்ட வீடுகளையும் அலுவலகங்களையும் வகுப்பறைகளையும் உண்டாக்குவது நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. நாளைக் காலையே தொடங்குங்கள்.